வீடு தேடிப் போன பள்ளிக்கூடம்

வெள்ளூரணி தொடக்கப் பள்ளி எழுந்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது ஏழாம் வாய்ப்பாட்டில் இருந்தார்கள். ஐயேழ் முப்பத்தைந்து வரைக்கும் கட்டடம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆறேழ் நாற்பத்திரண்டு என்று சொல்லி வாயை மூடுவதற்குள் தரை லேசாக ஒரு தரம் குலுங்கி, டிப்போவிலிருந்து கிளம்புகிற பஸ்ஸைப் போல ஒரு மூச்சு விட்டு, இரண்டு அறையும் ஓட்டுக்கூரையும் வாசல்படி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, வாகை மரத்தையும் சத்துணவுக் கூடத்தையும் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, தெற்கே பார்த்து நகர ஆரம்பித்தது.

ஏன் நடந்தது என்று ஊரில் யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. பெரிய டீச்சருக்குக் கால் ஒடிந்துவிட்டது, அதனால் பள்ளிக்கூடம் போகிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

பெரிய டீச்சர் என்பது தலைமையாசிரியை மரகதவல்லி. அந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம். ஒரு பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் விட்டுவிடுவார், இரண்டாம் நாளும் விட்டுவிடுவார், மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நிற்பார். ஒரு சத்தம் போட மாட்டார். கவிழ்த்துப் போட்ட உரலோ தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்துக் கல்லோ, எது கிடைக்கிறதோ அதில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, “பிள்ளை எங்கே?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு பேச்சு இருக்காது. பிள்ளை வருகிற வரைக்கும் எழுந்திருக்கவும் மாட்டார். பருத்தி எடுக்கப் போன பிள்ளை, தீப்பெட்டி ஒட்டப் போன பிள்ளை, தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை, சும்மா பயந்து குதிருக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை, எல்லாரையும் அப்படித்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆவணியில் ஒரு நாள் அப்படி ஒரு பிள்ளையைத் தேடி மிளகாய்த் தோட்டத்து வரப்பில் போனபோது வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. இருபத்தைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இருபத்தைந்து நாளில் நாற்பத்தொரு பிள்ளைகள் பத்தொன்பதாகக் குறைந்தார்கள்.

மாவுக்கட்டோடு அவர் திரும்பி வந்த முதல் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. இன்னொரு ஆசிரியரான இருதயராஜ் சார் அவரைத் தன் பைக்கின் பின்னால், நீட்டிய காலும் குறுக்கே பிடித்த வாக்கருமாக, தேரை இழுத்துவருவது மாதிரிக் கொண்டுவந்து இறக்கினார். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தார். சபரிநாதன் என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். வெள்ளைக் கட்டுப் போட்ட காலை ஒரு தரம் பார்த்தார், வாசலை ஒரு தரம் பார்த்தார். “நான் போகணுமே” என்றார், யாரிடம் என்றில்லாமல். பக்கத்து அறையில் ஆறேழ் நாற்பத்திரண்டு என்றார்கள்.

பள்ளிக்கூடம் பசு நடக்கிற நடைதான் நடந்தது. தெற்குத் தெருவில் நுழைந்து, அடிகுழாயை இடிக்காமல் ஒதுங்கி, சபரிநாதனின் அம்மா செல்லக்கனி வீட்டு முன்னால் போய், அவள் வாசலில் போட்டிருந்த கோலத்தை மிதிக்காமல் ஒரு முழம் தள்ளி நின்றது. செல்லக்கனி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் கையோடு எழுந்து, பள்ளிக்கூடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“வாங்க” என்றாள். வீடு தேடி வந்தவர்களிடம் வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜன்னல் வழியாக டீச்சர் கேட்டார். “சபரி எங்கே?”

“ஆட்டுக்குப் பின்னால போயிருக்கான் டீச்சர். அவுக அப்பாவுக்கு இடுப்பு பிடிச்சிக்கிடுச்சு.”

“வரட்டும். இருக்கோம்.”

பதினொன்றரை மணிக்கு ஆடுகள் முதலில் வந்தன. பின்னால் சபரிநாதன் வந்தான். தன் வீட்டு முன்னால் தன் பள்ளிக்கூடம் நிற்பதைப் பார்த்து, திரும்பி ஓட நினைத்து, எங்கே ஓடினாலும் அது வரும் என்று தோன்றியதாலோ என்னவோ, காலைக் கழுவிக்கொண்டு படியேறி உள்ளே போய் உட்கார்ந்தான். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் வாகை மரத்தடிக்குத் திரும்பிப் போனது.

அடுத்த நாள் வடக்குத் தெரு. அதற்கடுத்த நாள் கோயில் தெரு. எந்தப் பிள்ளை வரவில்லையோ அந்த வீடு. ஊர் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் வேலையைப் பார்த்தது. ஒயர்மேன் வந்து தாழ்வாகத் தொங்கின மின்கம்பிகளை இழுத்துக் கட்டினார். மளிகைக் கடைக்காரர் தெருவை அடைத்துப் போட்டிருந்த தகரப் பந்தலைத் தானே பிரித்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார். ஊராட்சித் தலைவர் கோமதிநாயகம் அதைப் பிரிக்கச் சொல்லி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வைக்கோல் வண்டியும் பள்ளிக்கூடமும் எதிரெதிரே வந்தால் வண்டிதான் ஒதுங்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே வழக்கத்துக்கு வந்தது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், வாசலில் பள்ளிக்கூடம் நிற்பதைக் கண்டு விசாரித்து, அந்த வீட்டுக் கடைக்குட்டி மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்று தெரிந்துகொண்டு, காபி குடிக்காமல் எழுந்து போய்விட்டது. அதற்கப்புறம் கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடுகளில் ஒரு பிள்ளைகூட மட்டம் போடவில்லை.

சமையற்காரி குருவம்மாளுக்குத்தான் சிரமம். சத்துணவுக் கூடம் நகரவில்லை, பள்ளிக்கூடம் நகர்ந்தது. முதல் வாரம் சாம்பார் வாளியும் சோற்றுக் குண்டானுமாகத் தெருத் தெருவாக அலைந்தாள். இரண்டாவது வாரம் அரிசியையும் பருப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய், பள்ளிக்கூடம் எந்த வீட்டு முன்னால் நிற்கிறதோ அந்த வீட்டு அடுப்பிலேயே உலை வைத்தாள். அந்த வீட்டுக்காரி சும்மா இருப்பாளா. ஒருத்தி நாலு கத்தரிக்காயைச் சேர்த்துப் போட்டாள், ஒருத்தி அப்பளம் பொரித்தாள், ஒருத்தி தன் வீட்டு விசேஷம் மாதிரி பாயாசமே வைத்துவிட்டாள்.

நாள் முழுக்க ஒரு கட்டடம் கண்ணுக்கு எதிரே நின்றால் அதன் குறை தெரியாமல் போகாது. தச்சர் முருகையா ஆசாரி வீட்டு முன்னால் அது நின்ற நாளில், ஒரு கீல் விட்டுப்போன ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், மத்தியானச் சோற்றுக்கு உட்காருவதற்கு முன்னால் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய் அதைச் சரிசெய்துவிட்டு, மற்ற ஏழு ஜன்னலையும் ஆட்டிப் பார்த்து, மூன்றைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். கொத்தனார் வீட்டு முன்னால் நின்ற நாளில் தரையில் விழுந்திருந்த வெடிப்பு பூசப்பட்டது. தையல்காரி வீட்டு முன்னால் நின்ற நாளில் ஏழு சட்டைக்குப் பொத்தான் கிடைத்தது. சுவருக்கு வெள்ளையடிக்கிறவர் தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்து பார்த்து, வராததால், தன் பேரனை ஒரு நாள் வேண்டுமென்றே பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷமாக ஓடு மாற்ற வேண்டும், ஜன்னல் மாற்ற வேண்டும் என்று அவர் எழுதின கடிதங்களை அடுக்கினால் அவர் இடுப்புக்கு வரும். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இப்போது அவர் கேட்காமலே ஒருவர் கூரையில் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று பதிவேட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

ஐப்பசி பிறந்த வாரத்தில் அது கீழத்தெருவுக்குப் போனது. ஊருக்கும் கீழத்தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். கீழத்தெருக்காரர்கள் அதைத் தாண்டி இந்தப் பக்கம் வேலைக்கு வருவார்கள், இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம் போனதில்லை. பள்ளிக்கூடம் வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டியது, உள்ளே எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்க. குருவம்மாள் அரிசியோடு பின்னால் போனாள். கீழத்தெரு அடுப்பில் உலை கொதித்தது. செய்தி கேட்டு ஏழெட்டுப் பேர் வாய்க்கால் கரைக்கு வந்து நின்றார்கள்.

“டீச்சர், எங்க பிள்ளைகளுக்கு வீட்டுல சோறு இருக்கு. அனுப்பி வைங்க” என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார்.

“பள்ளிக்கூடம் முடியலையே” என்றார் டீச்சர். “இங்க வந்து கூட்டிட்டுப் போறதுன்னா வந்து கூட்டிட்டுப் போங்க.”

வாய்க்காலைத் தாண்டித்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் தாண்டுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்த நேரத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டையும் கழுவிவிட்டார்கள். அந்தத் தெருவில் வைத்த கருவாட்டுக் குழம்பின் ருசியை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் அப்புறம் பெரிய பேச்சாக இருந்தது. இரண்டு நாள் கோபம் இருந்தது. மூன்றாம் நாள் இன்னொரு கீழத்தெருப் பிள்ளை வரவில்லை, பள்ளிக்கூடம் மறுபடியும் போனது. கோபம்தான் களைத்துப் போனது.

அந்த மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வாகை மரத்தடியில் ஜீப்பை நிறுத்தி, காலி இடத்தைப் பார்த்து, அங்கே போய்க்கொண்டிருந்த ஒருவரிடம் பள்ளி எங்கே என்று கேட்டார். “இன்னைக்கு வடக்குத் தெரு சார்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதிகாரி வடக்குத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது அதே தெருவில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. படியில் தொற்றி ஏறினார். அந்த வீட்டுப் பிள்ளையும் வந்து ஏறியதும் எண்ணினார், நாற்பத்தொன்று. நோட்டுகளைப் புரட்டினார், வாய்ப்பாடு கேட்டார், அப்பளத்தோடு சாப்பிட்டார். பார்வையேட்டில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ‘பள்ளி நன்கு இயங்குகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் தப்பு சொல்ல யாராலும் முடியாது.

கார்த்திகை மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் முத்துப்பேச்சி வராமல் போனாள்.

ஐந்தாம் வகுப்பு. தாய் இல்லாத பிள்ளை. அப்பா சோலையப்பன் விறகை மண்ணால் மூடிப் புகையவைத்துக் கரியாக்குகிற கரிமூட்டம் போடுகிறவர். உப்போடைக்கு அந்தப் பக்கம் வேலிக்கருவேலங் காட்டில் வேலை கிடைத்து, வீட்டைப் பூட்டி, முத்துப்பேச்சியையும் இரண்டு வயதுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். டீச்சர் இரண்டு நாள் அவள் பெயரைக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடம் கிழக்கே திரும்பி, ஊரைத் தாண்டி, பருத்திக் காட்டைத் தாண்டி, இரண்டு மைல் நடந்து, உப்போடைக் கரையில் நின்றது. ஓடையில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. முதல் படி தண்ணீரில் நனைந்தது. அதற்குமேல் அது போகவில்லை. சாயங்காலம் நாலு மணி ஆனது, திரும்பவும் இல்லை.

மறுநாளும் அங்கேயே நின்றது. அதற்கு மறுநாளும். நாற்பது பிள்ளைகளும் சேற்றில் இரண்டு மைல் நடந்து போய்ப் படித்துவிட்டு இரண்டு மைல் நடந்து வந்தார்கள். இரண்டு பிள்ளைகள் காய்ச்சலோடேயே வந்தார்கள். மூன்றாம் நாள் தலைவர் கோமதிநாயகம் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் முப்பது பேர் வந்தார்கள்.

“ஒரு பிள்ளைக்காக நாப்பது பிள்ளைக ஓடைக்கரையில கெடக்கணுமா டீச்சர்?”

“எனக்கும் அதுதான் தெரியல தலைவரே.”

“நீங்க சொன்னா கேக்காதா?”

“சொல்லிப் பாத்துட்டேன்” என்றார் டீச்சர்.

பொய் இல்லை. அன்று காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், ஈரச் சுவரில் கையை வைத்து, திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டிருந்தார். கேட்கும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. பதினாறு வருஷத்தில் ஒரு வாசலில் இருந்தும் அவர் பிள்ளை இல்லாமல் எழுந்து வந்ததில்லை. சுவர் அசையவில்லை. அசையாததில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை இப்போது தலைவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் பேச்சு வளர்ந்தது. அந்தாள் பிள்ளையை அந்தாள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். மழை நிற்கட்டும் என்றார்கள். அப்போது குருவம்மாள் பிள்ளைகளுக்குப் போட்டு முடித்துவிட்டு, சோறும் குழம்புமாக ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“நாப்பத்தோரு பேருக்கு வடிச்சேன். மூணு நாளா அப்பிடித்தான் வடிக்கேன், கை பழகிப்போச்சு” என்றாள். “நாப்பது பேரு சாப்புட்டாச்சு. இந்த ஒரு தட்ட நான் எங்க கொண்டுபோயிக் கவுக்க, சொல்லுங்க தலைவரே.”

தட்டைத் தலைவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். ஒரு கையில் குடையும் ஒரு கையில் தட்டுமாக அவர் நின்றார். சோற்றில் மழைச் சொட்டு விழாமல் இருக்கக் குடையைத் தன் தலையிலிருந்து தட்டுக்கு மேலே நகர்த்தினார். அக்கரையில் கருவேலங் காட்டுக்கு மேலே மூட்டத்துப் புகை மழையோடு மழையாக எழும்பிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். அப்புறம் தட்டைப் படியில் வைத்துக் குடையை அதன்மேல் கவிழ்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொத்தனாரைக் கூப்பிட்டார்.

“எத்தன சாக்கு வேணும்?”

நூறு நாள் வேலையில் கரை போட்டுப் பழகின பெண்கள் அன்று மத்தியானமே மண்வெட்டியோடு வந்தார்கள். எந்தத் தெருவென்று பார்க்க நேரமில்லை, கை மாற்றிக் கை மாற்றி மண் சாக்கு வந்தது. டிராக்டர்கள் கல் கொண்டுவந்தன. மேலத்தோட்டத்தில் காற்றில் விழுந்து கிடந்த பனைகளை முருகையா ஆசாரி ஆள் வைத்து உருட்டிக்கொண்டு வந்து, குறுக்கே பாவி, கம்பி போட்டு முறுக்கினார். வாய்க்கால் கரையில் நின்று பிள்ளையை அனுப்பச் சொன்னவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று, கீழத்தெரு ஆள் ஒருவர் மேலிருந்து இறக்கின கல்லைத் தோளில் வாங்கினார். இரண்டு நாள் வேலை. இரண்டாம் நாள் பிற்பகல் மழை விட்டு வெயில் மங்கலாக அடித்தபோது, ஓடைக்குக் குறுக்கே ஒரு பாதை இருந்தது.

டீச்சரைக் கரையில் இருக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. “பிள்ளைகளை இறக்கிவிடுங்க, நான் உள்ள இருக்கேன்” என்றார். நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் முதல் சாக்கின்மேல் ஏறி, நின்று, அடுத்ததை அழுத்திப் பார்ப்பது போலத் தயங்கி, நகர்ந்தது. பாதி ஓடையில் ஒரு பனை சறுக்கியது. கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கரும்பலகை ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. டீச்சர் நாற்காலியோடு சுவர்வரைக்கும் சறுக்கிப் போனார். வெளியே தலைவரின் குரலும் குருவம்மாளின் குரலும் கேட்டன. ஜன்னலுக்கு வெளியே தோள்கள் வந்தன, சுவர் முழுக்கத் தோள்களாக, மீசைக்காரர்களும் தாலிச் சரடுகளுமாக, கன்னத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த மாதிரி ஒரு கூட்டத்தை அவ்வளவு பக்கத்தில் டீச்சர் பார்த்ததில்லை. கரையில் பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, வாய்ப்பாட்டை ஆரம்பித்தார்கள். அந்தத் தாளத்துக்கு ஊர் மூச்சுப் பிடித்துத் தள்ளியது. எட்டாம் வாய்ப்பாடு முடிகிற நேரத்தில் கட்டடம் நிமிர்ந்து அக்கரையில் ஏறியது.

சோலையப்பன் மூட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை கரி, கண் மட்டும் வெள்ளை. பின்னால் ஒரு சாக்குக் குடிசை வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்துப்பேச்சி.

“அனுப்ப மாட்டேன்னு நான் சொல்லல டீச்சர்” என்றார் சோலையப்பன். “நான் மூட்டத்த விட்டுட்டு நகர முடியாது. நகந்தா எல்லாம் சாம்பலாயிரும். இந்தச் சின்னவன யாரு பாத்துக்கிடுவா?”

“ரெண்டு பேரும் ஏறட்டும்” என்றார் டீச்சர். “அவன் தூங்குனா தூங்கட்டும்.”

“கரியும் புகையுமா இருக்குதுக. ஓடிப்போயிக் குளிக்க வச்சுட்டு...”

“இப்பிடியே வரட்டும் சோலையப்பா.”

முத்துப்பேச்சி படியேறினாள். ஏறும்போது நிலையைப் பிடித்தாள், ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது. அவள் பயந்து கையை எடுத்தாள். டீச்சர் அவள் பெயருக்கு நேரே வருகையைக் குறித்தார். நாற்பத்தொன்று. வெளியே இடுப்புவரை சேறான ஊர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தது, இனித் திரும்பிப் போகலாம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பள்ளிக்கூடம் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு, மூட்டங்களுக்கு நடுவே புகுந்து, பின்னால் ஒரு வெட்டவெளியில் போய் நின்றது. அங்கே ஐந்து குடிசைகள் இருந்தன. வேறு வேறு மாவட்டத்திலிருந்து கரி வேலைக்கு வந்து, மூன்று மாதம் ஒரு காடு, ஆறு மாதம் ஒரு காடு என்று போய்க்கொண்டிருக்கிற குடும்பங்கள். குடிசைக்குள்ளிருந்தும் முள் விறகுக்குப் பின்னாலிருந்தும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒன்பது பேர். எந்தப் பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருந்ததில்லை. யாரும் அவர்களைக் கூப்பிட்டுப் பார்த்து, ‘வரவில்லை’ என்று குறித்ததும் இல்லை.

ஒரு பிள்ளைக்காக நாற்பது பிள்ளைகளா என்று கேட்ட தலைவர், சேற்றுக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

டீச்சர் புதுப் பக்கத்தைத் திருப்பினார். ஒவ்வொருவராகப் படியேறி வந்து பெயர் சொன்னார்கள், வயது தெரிந்தவர்கள் வயது சொன்னார்கள். எட்டுப் பேர் முடிந்தது. ஒன்பதாவது ஒரு பெண் பிள்ளை, ஐந்து ஆறு வயதிருக்கும், முன்பல் இரண்டும் இல்லை.

“உன் பேரென்ன?”

பிள்ளை தாயைப் பார்த்தது. “பேருன்னு ஒண்ணும் வைக்கலீங்க” என்றாள் தாய். “பாப்பான்னு கூப்புடுவோம். ஊரு ஊரா போறதுல அது விட்டுப்போச்சு.”

“பேரு இல்லாம எப்பிடி” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அவ்வளவுதான். ஊரே எழுந்து படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வடக்குத் தெருக்காரர்கள் தங்கள் குலசாமி பெயரை வைக்க வேண்டும் என்றார்கள். கீழத்தெருப் பெண் ஒருத்தி, மழையில் வந்த பிள்ளை, மாரி என்று வைக்கலாம் என்றாள். அதெல்லாம் பழசு என்று தையல்காரி டிவியில் கேட்ட ஒரு பெயரைச் சொன்னாள். அதை மூன்று பேருக்குச் சொல்லவே வாய் வரவில்லை. செல்லக்கனி யாழினி என்றாள், ஆசாரி தையல்நாயகி என்றார், அவருடைய மனைவியே வேண்டாம் என்றாள். முட்டளவு சேற்றில் நின்றுகொண்டு, சொந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய் ஒவ்வொரு பெயருக்கும் சரி என்று தலையை ஆட்டினாள். டீச்சர் பேனாவைத் திறந்து பிடித்தபடி, அவசரப்படாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

“நீ சொல்லு” என்றார் கடைசியில் பிள்ளையிடம். “உனக்கு எது வேணும்?”

பிள்ளை யோசித்தது. கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தது.

“எல்லாமும்” என்றது.

டீச்சர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் குனிந்து எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயராக ஊர் சொல்லச் சொல்ல, எழுத்துப் பிழை இல்லாமல், தையல்காரி சொன்ன பெயரை மட்டும் இரண்டு தரம் கேட்டு. பெயர்க் கட்டம் நிறைந்து, பக்கத்துக் கட்டம் நிறைந்து, ஓரத்து வெள்ளை நிறைந்து, அடுத்த வரிக்கும் இறங்கியது. அவர் எழுதி முடிக்கும்வரை பள்ளிக்கூடம் அசையாமல் நின்றது.